அலைதலும் அடைக்கலமும்: 'காலூத்' என்னும் சொல்லை முன்வைத்து ஒரு சிந்தனை



சொல்லுக்குப் பொருள் கூறுதல் தமிழாசிரியர்க்கு அன்றாடப் பணி. வகுப்பறைக்குள் நுழைந்தது முதல் மணி அடிக்கும் வரை அப்பணியையே செய்கின்றோம். ஆயினும் ஒரு சொல்லின் பொருளை நாம் மாணவர்க்குக் கற்பிக்கின்றோமா, மாணவரிடமிருந்து கற்கின்றோமா என்னும் ஐயம் சில வேளைகளில் எழுவதுண்டு. அத்தகைய ஒரு வேளையே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

சில ஆண்டுகட்கு முன் இளங்கலை முதலாமாண்டு வகுப்பில் பகுதி-1 தமிழ் நடத்திக்கொண்டிருந்தோம். பாலைத்திணையை விளக்கும்போது பிரிவைக் குறிக்கும் சொற்களைப் பற்றிப் பேச்சு வந்தது. 'அகதி' என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, 'அ' என்பது எதிர்மறை முன்னொட்டு, 'கதி' என்பது புகலிடம், எனவே புகலற்றவர் எனப் பொருள்படும் என்று பிரித்துக் காட்டினோம். 'இச்சொல்லை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா?' என வினவியபோது ஒருவர் நாளிதழ் என்றார். மற்றொருவர் திரைப்படம் என்றார். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்து, 'ஐயா, அது எங்கள் வீட்டு அட்டையில் உள்ள சொல்' என்றார். சினமோ வருத்தமோ அக்குரலில் இல்லை. கேட்ட வினாவிற்கு விடை கூறிவிட்டு அமர்ந்துகொண்டார்.

அம்மாணவர் நம் மாவட்டத்து முகாம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர் என்பதை அதன் பின்னரே அறிந்தோம். ஓராண்டின் பாதி கடந்த பின்னும் அதனை அறியாதிருந்தது நம் குற்றமே. அன்று முதல் அலைதலையும் நாடிழத்தலையும் குறிக்கும் சொற்கள் நம்மை விடாது தொடர்ந்தன. பிற மொழியினர் இத்துயரை எவ்வாறு பெயரிட்டனர் எனத் தேடிச் செல்லுங்கால், எபிரேய மொழியின் 'காலூத்' என்னும் சொல்லில் வந்து நின்றோம்.

வேரும் பொருளும்

'காலூத்' என்பதற்கு நாடு கடத்தப்பட்ட நிலை என்று பொருள். அவ்வாறு கடத்தப்பட்ட மக்கள் கூட்டத்தைக் 'கோலா' என்பர். கி.மு. 586 அளவில் பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தை இடித்து, யூத மக்களைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். கி.பி. 70இல் உரோமர் இரண்டாம் ஆலயத்தை அழித்தனர். இவ்விரு நிகழ்வுகளாலும் யூதர்தம் நெஞ்சில் ஊன்றிய சொல் இது. தாமாக விரும்பிப் பல நாடுகளில் பரவி வாழ்தலைக் குறிக்க எபிரேயத்தில் 'தெஃபுத்ஸோத்' என வேறொரு சொல் உண்டு. காலூத்தில் விருப்பத்திற்கு இடமில்லை. துரத்தப்பட்டவன் துயரே அதன் உள்ளீடு.

இச்சொல்லின் வேரெழுத்துகளே பிறிதொரு பொருளையும் தருகின்றன. மூடியதைத் திறத்தல், மறைந்ததை வெளிப்படுத்தல் என்பதே அது. இரு பொருளும் ஒரே வேரினவா, வடிவில் மட்டும் ஒன்றிய இரு வேர்களா என்பது மொழியறிஞர் ஆய்வுக்குரியது. ஆயினும் அப்பொருத்தம் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. நாடிழந்தவன் மேல் போர்த்தியிருந்த ஊர், உறவு, பெயர், நிலம் ஆகிய அனைத்தும் களையப்படுகின்றன. அவனை எதிர்கொள்ளும் ஊராரின் உள்ளமும் அன்றே வெளிப்பட்டு விடுகிறது.

அரபு பயின்ற நம் பெரியோர்க்கு இவ்வேர் புதிதன்று. எபிரேயமும் அரபும் ஒரு குடும்பத்து மொழிகள். ககரத்தை ஒத்த எபிரேய ஒலி அரபியில் ஜகரமாகும். அவ்வாறே இவ்வேரும் அரபியில் ஜீம், லாம், வாவ் என அமைகிறது. இறைப்பேரொளி வெளிப்படுதலைச் சூஃபியர் 'தஜல்லி' என்பர். அது இவ்வேரினின்று பிறந்ததே. இதே வேரிற் பிறந்த 'ஜலாஉ' என்னும் சொல் வெளியேற்றம் என்ற பொருளில் திருமறையின் 59ஆம் அத்தியாயமாகிய சூரத்துல் ஹஷ்ரின் 3ஆம் வசனத்தில் ஆளப்பட்டுள்ளது. மதீனாவை விட்டு வெளியேறிய யூதக் குலத்தாரைப் பற்றிய இடம் அது. அதே அத்தியாயத்தின் 8ஆம் வசனம் வீடும் பொருளும் இழந்து வந்த முஹாஜிர்களைப் பேசுகிறது. 9ஆம் வசனம், தாம் வறுமையில் இருந்தபோதும் வந்தவரைத் தம்மினும் மேலாகக் கருதிய மதீனத்து அன்சாரிகளைப் போற்றுகிறது. வெளியேற்றமும் வருகையும் வரவேற்பும் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து நிற்பது ஓதுவோர் உற்று நோக்கத்தக்கதாகும்.

எபிரேயத்தில் மேலும் இரு சொற்களை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். தம்பியைக் கொன்ற காயீன் சென்று தங்கிய நிலத்திற்கு 'நோத்' என்று பெயர். அலைதல் என்பதே அப்பெயரின் பொருள். குடியிருந்த நிலத்திற்கும் அலைதல் என்றே பெயர் என்றால், நின்ற இடத்திலும் நிலைபெறாத வாழ்வு அது என்க. மற்றொன்று 'கேர்' என்பது. பிறர் நாட்டில் ஒதுங்கி வாழ்பவன் என்பது அதன் பொருள். இதன் அரபு உறவுச் சொல் 'ஜார்', அதாவது அண்டை வீட்டார். ஒரு மொழியில் அயலானைக் குறிக்கும் சொல், அதன் உடன்பிறந்த மொழியில் அண்டை வீட்டானைக் குறிக்கிறது. அயலானுக்கும் அண்டை வீட்டானுக்கும் இடையிலுள்ள தொலைவு அவ்வளவே போலும்!

தாழ்ந்துபோன சொற்கள்

கேர் என்பதன் நிழல் தமிழிலும் விழுந்துள்ளது. பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் ஆபிரகாம் தம்மைப் 'பரதேசி' என்றே கூறிக்கொள்கிறார். கொச்சியில் மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட யூத வழிபாட்டு இல்லத்திற்கும் பரதேசிப் பள்ளி என்றே பெயர். பர தேசத்தவன், வேற்று நாட்டான் என்னும் அளவே அச்சொல்லின் நேர்ப்பொருள். கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு 72 உரிமைகளோடு 'அஞ்சுவண்ணம்' என்னும் சிறப்பினை வட்டெழுத்துச் செப்பேட்டில் வழங்கினான். அஞ்சுவண்ணம் என்னும் அப்பெயர் பிற்காலத்தில் தமிழகக் கடற்கரை முஸ்லிம் வணிகரையும் குறித்தது. கடல் கடந்து வந்தவர் யாவராயினும் அவர்க்கு ஓர் இடமும் பெயரும் தந்த மண் இது.

அத்தகைய மண்ணில் பரதேசி என்னும் சொல் இன்று எவ்வாறு வழங்குகிறது? தெருச் சண்டையில் ஒருவர் மேல் ஒருவர் எறியும் கல்லாக வழங்குகிறது. கீழ்பென்னாத்தூரில் நம் இளமையில் நாமும் அக்கல்லை எறிந்ததுண்டு. நம் ஊர் திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடையே செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. கார்த்திகை தீபத்திற்கும் முழுநிலா நாள்களுக்கும் அண்ணாமலை நோக்கி நடந்து செல்வோர் அவ்வழியே செல்வர். காவியுடுத்த முதியவர் ஒருவர் நம் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கியபோது, விளையாட்டுத் தோழரோடு சேர்ந்து 'பரதேசி, பரதேசி' எனக் கூவினோம். நம் பாட்டியார் உள்ளிருந்து வந்து அவருக்குச் செம்பில் தண்ணீரும் இலையில் சோறும் கொடுத்து அனுப்பிய பின், நம்மை அருகழைத்து, 'அப்படிச் சொல்லாதே கண்ணு, நாமும் எங்கிருந்தோ வந்தவங்கதான்' என்றார். எழுதப் படிக்க அறியாதவர் அவர். பின்னாளில் நாம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகப் படித்த நூல்கள் எதுவும் அவர் கூறியதற்கு மேல் ஒன்றும் கூறிவிடவில்லை.

அலைபவனைக் குறிக்கும் சொல் காலப்போக்கில் இழிசொல்லாதல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. அரபியில் 'கரீப்' என்றால் அயலூரான். அச்சொல்லே உருதுவிற் புகுந்து ஏழை என்று ஆயிற்று. ஜெர்மன் மொழியில் 'ஏலெண்ட்' என்னும் சொல் முன்னாளில் வேற்று நாட்டைக் குறித்தது. இன்று அது அவலம் என்று பொருள்படும். நாடிழந்தவன் வறியவனாகிறான், வறியவன் இகழப்படுகிறான், அவ்விகழ்ச்சி அவன் பெயரிலேயே படிந்து விடுகிறது. சொற்பொருள் மாற்றத்தை 'இழிபு' என இலக்கண வகுப்பில் கூறிக் கடந்து விடுகின்றோம். அவ்விழிபு சொல்லினுடையதன்று, அச்சொல்லை வழங்கிய மக்களுடையது என்பதே நம் கருத்து.

ஹிஜ்ரத் காட்டும் நெறி

இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பிலிருந்து தொடங்கவில்லை, வெற்றியிலிருந்தும் தொடங்கவில்லை. பிறந்த மண்ணை விட்டு அவர்கள் நீங்கிய கி.பி. 622ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் வகுக்கப்பெற்ற இம்முறையால், ஒவ்வொரு முஹர்ரம் பிறையும் நமக்கு ஒரு வெளியேற்றத்தை நினைவூட்டுகிறது. அதற்கு முன்பே, கி.பி. 615 அளவில், மக்கத்துக் கொடுமை தாளாத தோழர்கள் செங்கடல் கடந்து அபிசீனியா சென்றனர். அவர்களைக் காத்த நஜ்ஜாஷி மன்னர் ஒரு கிறித்தவர். முதல் முஸ்லிம் அகதிகளுக்குப் புகலிடம் தந்தவர் பிற சமயத்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

உமறுப் புலவர் 17ஆம் நூற்றாண்டில் யாத்த சீறாப்புராணம் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என மூன்றாகப் பகுக்கப்பட்டுள்ளது. பிறப்புக்கும் நபித்துவத்துக்கும் நிகராகப் புலம்பெயர்வுக்கும் ஒரு காண்டம் அமைந்திருத்தல் தமிழிலக்கிய வரலாற்றில் தனித்து நோக்கற்குரியது. கம்பனில் காடேகுதலும், இளங்கோவில் புகாரை விட்டு நீங்குதலும் கதையின் திருப்பங்கள். சீறாவிலோ நீங்குதலே ஒரு காண்டத்தின் பெயராய் நிற்கிறது.

ஸகாத் பெறத்தக்க எண்வகையினரை வகுக்கும் திருமறை வசனத்தில் (9:60) 'இப்னுஸ் ஸபீல்' என்பார் இடம்பெறுகின்றனர். வழிப்போக்கர் என நாம் இதனை மொழிபெயர்ப்போம். சொல்லுக்குச் சொல் கூறின் 'வழியின் மகன்' என்பதே ஆகும். தாயும் தந்தையும் ஊரும் பெயரும் தெரியாதவனுக்கு வழியையே பெற்றோராக்கி, அவனுக்கும் நம் பொருளில் ஒரு பங்குண்டு என மார்க்கம் விதித்திருக்கிறது. அது நாம் இரங்கித் தரும் பிச்சையன்று, அவனுக்குரிய பங்கு.

நாடிழந்து வந்தவர் வாங்க மட்டுமே கையேந்துவர் என நினைப்பதும் பிழை. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற அஹ்மத் அராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். 1901இல் தாயகம் திரும்பும் வரை ஏறத்தாழ 18 ஆண்டுகள் அங்கிருந்தார். அவ்வயலவரும், தமிழ் நாவல் முன்னோடிகளுள் ஒன்றான 'அசன்பே சரித்திரம்' எழுதிய சித்திலெப்பையும் பிறரும் சேர்ந்து ஊக்கியதன் விளைவே 1892இல் கொழும்பில் தோன்றிய கல்விக்கூடம். அதுவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்து தமிழ் பேசும் முஸ்லிம் மக்களின் தலைமுறைகளுக்குக் கல்வி ஊட்டியது. ஒரு காலூத்தால் ஒரு கல்லூரி பிறந்தது என்பது, முஸ்லிம் கல்லூரி ஒன்றின் மலரில் நினைக்கத்தக்க செய்தியன்றோ?

தமிழரின் காலூத்

திருவண்ணாமலைக்குத் தெற்கே பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவலூர் உள்ளது. மூவேந்தரால் பாரி வீழ்ந்த பின், பறம்பு மலையை இழந்த அவன் மகளிரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராய் அலைந்தவர் கபிலர். அம்மகளிரைப் புகலடையச் செய்த பின் அவர் உயிர் நீத்த இடம் இவ்வாற்றங்கரை எனத் திருக்கோவலூர்க் கோயிற் சோழர் காலக் கல்வெட்டும் குறிப்பிடுகிறது. பாரி மகளிர் பாடியதாக அமைந்த புறநானூற்று 112ஆம் பாடலைத் தமிழகமெங்கும் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். ஐந்தே அடிகளில் ஒரு காலூத் அப்பாட்டில் அடங்கியிருக்கிறது. தந்தையும் குன்றும் இல்லாத பெண்களுக்காக நாம் இரண்டாயிரம் ஆண்டுகளாக உருகுகின்றோம். நம் காலத்துப் பாரி மகளிர் பக்கத்து ஊரில் இருக்கும்போது அவர் பெயரையும் கேளாதிருக்கின்றோம்.

இலங்கையில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரைப் பெரும்பாலும் நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்குப் போட்டுப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னர் முடிவு செய்யப்படுவர் என்பது அதன் சாரம். எந்தக் கணக்கில் தாம் இருக்க வேண்டும் என அம்மக்களை எவரும் கேட்கவில்லை. இங்கு வந்தவர்க்கு அரசு இட்ட பெயர் 'தாயகம் திரும்பியோர்' என்பது. மூன்று தலைமுறையாகத் தேயிலை மலையிலேயே பிறந்து வளர்ந்தவன், தான் கண்டிராத ஊருக்கு எவ்வாறு 'திரும்ப' முடியும்? அங்கே 'இந்தியத் தமிழர்' என ஒதுக்கப்பட்டோர் இங்கே நீலகிரியில் 'சிலோன்காரர்' என அழைக்கப்பட்டனர். நோத் என்னும் நிலம் இதுவே போலும்.

1983 சூலைக் கலவரத்திற்குப் பின் இராமேசுவரக் கரையில் படகுகள் வந்திறங்கின. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது மேலும் பல்லாயிரவர் வந்தனர். அப்பொழுது நாம் பள்ளிச் சிறுவர். நம் மாவட்டம் அன்று திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்னும் பெயருடன் தோன்றி ஓராண்டும் நிறையவில்லை. மண்டபத்திலிருந்து வந்த குடும்பங்கள் இம்மாவட்டத்திலும் முகாம்களில் தங்க வைக்கப்பட்டன. 1983 முதல் தமிழகம் வந்தோர் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர். 2021இல் தமிழக அரசு வெளியிட்ட கணக்கின்படி நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 59,000 பேரும், வெளியே 34,000 பேரும் வாழ்ந்தனர்.

இத்துயரை நம் மேடைகள் பேசின, பேசியதும் முறையே. ஆனால் 1990 அக்டோபரில் நிகழ்ந்த மற்றொரு வெளியேற்றத்தைத் தமிழ் மேடைகள் பேசியது குறைவு. அம்மாதத்தில் விடுதலைப் புலிகள் இயக்கம் இலங்கையின் வட மாகாணத்து ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேற்றியது. எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒலிபெருக்கி வழியாக உஸ்மானியாக் கல்லூரிக்கு அழைக்கப்பட்டு, இரண்டே மணி நேரத்தில் நகரை விட்டு நீங்கப் பணிக்கப்பட்டனர். நகையும் பணமும் வழியிலேயே பறிக்கப்பட்டன. அந்நாள் அக்டோபர் 30. இருபத்தாறு ஆண்டுகட்கு முன் மலையக மக்களின் தலைவிதி எழுதப்பட்டதும் அதே நாள்தான் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

அம்மக்கள் தமிழ் பேசுவோர், தமிழிலே தாலாட்டியோர், தமிழிலே கல்வி கற்றோர். தம் மொழியே பேசும் உதடுகளிலிருந்து 'வெளியேறு' என்னும் சொல்லைக் கேட்டவர்கள். பெரும்பாலோர் புத்தளத்தை அடைந்தனர். அங்கிருந்த எளிய மக்கள் பள்ளிவாசலையும் பள்ளிக்கூடத்தையும் தம் முற்றத்தையும் திறந்துவிட்டு அன்சாரிகளாயினர். ஆனால் தண்ணீரும் பள்ளி இடமும் வேலையும் பங்கிடப்பட வேண்டியபோது அங்கும் பிணக்குகள் தோன்றின. விருந்தோம்பல் சில நாள்களுக்கு எளிது. ஆண்டுக்கணக்கில் நீளும்போதே அதன் உண்மை எடை தெரியும். அவ்வெளியேற்றம் தவறு என்பதை 2002இல் அவ்வியக்கத்தின் தரப்பே ஏற்றுப் பேசிற்று. எனினும் இன்று வரை ஊர் திரும்ப இயலாதவர் பலர்.

கனடாவிற்கும் ஐரோப்பாவிற்கும் சென்றவர் 'புலம்பெயர்ந்தோர்' எனப்படுகின்றனர். சங்க இலக்கியமாகிய பட்டினப்பாலையில் பன்மொழி வணிகரைச் சுட்டும் பழைமை வாய்ந்த சொல் அது. மண்டபம் வந்தவர் 'அகதி'. புத்தளம் சென்றவர் 'இடம்பெயர்ந்தோர்'. கூடலூர் வந்தவர் 'தாயகம் திரும்பியோர்'. நான்கும் வெவ்வேறு பெயர்கள். வீட்டுக் கதவை இறுதியாகப் பூட்டிய கை ஒன்றே. பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் 'புலம்பெயர் இலக்கியம்' என்னும் தலைப்பு இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியது. அதில் வடபுலத்து முஸ்லிம்களின் எழுத்திற்கும் மலையக மக்களின் எழுத்திற்கும் உரிய இடம் உண்டா எனத் தமிழ்த்துறைகள் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டும். எவர் துயரம் பெரிது என எடைபோட நாம் வரவில்லை. தன் துயரை மட்டும் துயரென்று கொள்ளும் இலக்கியம் குறையுடையது என்பதே நம் துணிபு.

துயரை அறிந்தவர் துயர் செய்தல்

இவ்விடத்தில் எபிரேயச் சொல்லிற்கு மீண்டும் வருவோம். 'நீங்களும் எகிப்தில் அயலாராய் இருந்தீர்கள். ஆகவே அயலானை ஒடுக்காதீர்' என்னும் கருத்துத் தவ்ராத்தில் மீண்டும் மீண்டும் வருகிறது. தம் பழந்துயரையே அறத்திற்கு அடிப்படையாக்கியது அம்மக்களின் மறைநெறி. ஐரோப்பாவில் நாசிகள் அறுபது இலட்சம் யூதரைக் கொன்றொழித்தது மனித குலத்தின் மாறா வடு. அத்துயரைச் சிறிதாக்கிப் பேசுவோர் நம்மிடையே இருப்பின் அவர்கள் திருந்த வேண்டும்.

ஆனால் அவ்வளவு துயரை அறிந்தவர் பெயரால் எழுந்த அரசு 1948இல் தோன்றியபோது ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட பாலஸ்தீன மக்கள் தம் ஊர்களை இழந்தனர். இன்றும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வீட்டுச் சாவியைச் சுவரில் மாட்டி வைத்துள்ளனர். 2023 அக்டோபருக்குப் பின் காஸாவில் பெரும்பாலான மக்கள் மீண்டும் மீண்டும் இடம் மாற்றப்பட்டதை உலகம் கண்டது. காலூத் என்னும் சொல்லை உலகிற்குத் தந்தவர் வழியினரின் அரசே பிறர்க்கு அதனைத் தந்தது. யூதருள்ளேயே இதனை எடுத்துரைத்து வருந்துவோர் உண்டு என்பதையும் நேர்மை கருதிக் கூறவேண்டும்.

இதனைக் கூறும்போது விரலை வெளியே மட்டும் நீட்டுதல் தகாது. துயரப்பட்டவன் இயல்பாகவே இரக்கமுள்ளவன் ஆவான் என்பது நாம் நம்ப விரும்பும் ஒன்று. வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1983இல் துரத்தப்பட்ட இனத்தின் பெயரால் 1990இல் வேறு மக்கள் துரத்தப்பட்டனர். ஹிஜ்ரத்தைக் கொண்டாடும் நாமும் நம் வகுப்பில் இருந்த முகாம் மாணவரை அரையாண்டு அறியாதிருந்தோம். நினைவு தானாக அறமாகிவிடாது. ஒவ்வொரு தலைமுறையும் அதனை முயன்று அறமாக்க வேண்டியிருக்கிறது.

நாம் செய்யத்தக்கன

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'இலங்கை அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. புதிய வீடுகள் கட்டும் திட்டமும் தொடங்கப்பட்டது. சொல்லுக்கு ஆற்றல் உண்டென நம்பும் தமிழாசிரியராகிய நாம் இதனை மனமார வரவேற்கின்றோம். ஆயினும் பெயர் மாறிய அளவில் நிலை மாறிவிடவில்லை. இந்தியா 1951ஆம் ஆண்டின் உலக அகதிகள் உடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை. நம் குடியுரிமைச் சட்டத்தின்படி 1987 சூலை முதல் நாளுக்குப் பின் இந்நாட்டில் பிறந்தவர், பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராய் இருந்தாலன்றிப் பிறப்பால் குடிமகனாவதில்லை. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தார்க்கு வழி திறந்தது. முஸ்லிம்களும் இலங்கைத் தமிழரும் அவ்வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 2025 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ஆணை, 2015 சனவரி 9க்கு முன் வந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழரைச் சில தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கியது. அது ஆறுதலே, குடியுரிமை அன்று.

முன்னர்க் கூறிய மாணவர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக விரும்பினார். ஓர் அலுவலகத்தில் விண்ணப்பப் படிவத்தைப் பெறச் சென்றவர், 'நாட்டினம்' என்னும் கட்டத்தில் என்ன எழுதுவது எனக் கேட்டிருக்கிறார். 'உனக்கெல்லாம் இந்தப் படிவம் எதற்கு?' என்று அங்கிருந்தவர் கூறி அனுப்பிவிட்டாராம். நம்மிடம் வந்து அதனைக் கூறியபோதும் அவர் குரல் அன்று வகுப்பில் ஒலித்தது போலவே இருந்தது. இந்நாட்டு மண்ணில் பிறந்து, இந்நாட்டுப் பள்ளியில் தமிழ் பயின்று, குறளை நம்மினும் திருத்தமாக ஒப்புவிக்கும் இளைஞருக்கு அக்கட்டத்தில் எழுத ஒரு சொல் இல்லை. தமிழில் எத்தனை இலட்சம் சொற்கள் இருந்து என்ன பயன்!

ஆதலின் சிலவற்றைப் பணிவுடன் முன்வைக்கின்றோம். முகாம்களில் பிறந்து வளர்ந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொள்ள விழைவோர்க்குக் குடியுரிமை வழங்குதல் வேண்டும். தாயகம் திரும்ப விழைவோர்க்கு அதற்கான துணை வேண்டும். 1964இல் கேட்காமல் விட்ட கேள்வியை இம்முறையேனும் அம்மக்களிடமே கேட்டல் வேண்டும். ஊர்ப் பெரியோரும் ஜமாஅத்தாரும் ஸகாத் நிதியைப் பங்கிடும்போது 'இப்னுஸ் ஸபீல்' என்னும் பிரிவை ஏட்டில் உள்ள சொல்லாக மட்டும் விட்டுவிடாமல், அருகிலுள்ள முகாமையும் நம் ஊருக்குப் பிழைக்க வந்த வெளிமாநிலத் தொழிலாளரையும் நினைத்தல் வேண்டும். பொது உதவியிலும் கல்வி உதவியிலும் சமயம் பாராது அவர்களைச் சேர்த்தல் வேண்டும். நஜ்ஜாஷி மன்னர் சமயம் பார்த்திருப்பின் நம் வரலாறு எவ்வாறாகியிருக்கும் என ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக.

தமிழ்த்துறையினராகிய நமக்கும் கடமையுண்டு. யாழ்ப்பாணம், மலையகம், புத்தளம், மண்டபம் ஆகிய நான்கிலிருந்தும் எழுந்த எழுத்துகளை ஒரே தாளில் ஒருங்கே வைத்துக் கற்பிப்போம். மாணவச் செல்வங்களே! நும் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவர் எவ்வூரார், எவ்வழி வந்தார் என அன்போடு கேட்டறியுங்கள். பரதேசி என்றும் வந்தேறி என்றும் எவரையும் இகழாதீர்கள். அண்ணாமலைத் தேர்வீதியில் மதிப்போடு சோறிடப்பெறும் பரதேசியும், சினத்தில் நாம் கூவும் பரதேசியும் ஒரே சொல்தான். எந்தப் பொருளில் அது நாளை வழங்கும் என்பது நும் நாவில் இருக்கிறது.

நம் மாணவர் பட்டம் பெற்று இன்று தனியார் பயிற்சிக் கூடமொன்றில் தமிழ் கற்பிக்கிறார். அண்மையில் தொலைபேசியில் பேசியபோது, தம் வகுப்பிலும் 'அகதி' என்னும் சொல் வந்ததாகக் கூறினார். 'என்ன பொருள் கூறினீர்?' எனக் கேட்டோம். 'நீங்கள் சொன்ன பொருளைத்தான் ஐயா சொன்னேன். புகலற்றவர் என்று சொல்லிவிட்டு, புகல் கொடுக்காதவர்களுக்கு என்ன பெயர் என்று பிள்ளைகளைத் தேடி வரச் சொல்லியிருக்கிறேன்' என்றார்.

அப்பெயரை நாமும் தேடிக்கொண்டிருக்கின்றோம். அது நம் பெயராக அமைந்துவிடாதிருக்க இறைவன் அருள் புரிவானாக!